பெத்லகேம் சுவரில் பிரெஞ்சு அரசரும் கிரேக்கப் பேரரசரும்: ஒரே கடவுளை வணங்கியவர்களின் சண்டையும் கலையும்

2025ஆம் ஆண்டோடு நிசேயா பொதுச்சங்கம் (திருச்சபை முழுவதற்குமான ஆயர்களின் மாநாடு) கூடி 1700 ஆண்டுகள் நிறைந்தன. அதையொட்டி வந்த செய்திகளில் இரண்டு தகவல்கள் அடுத்தடுத்து இடம்பெற்றன. கத்தோலிக்கரும் கிரேக்க மரபுவழித் திருச்சபையினரும் நிசேயாவின் விசுவாசப் பிரமாணத்தைத்தான் (நம்பிக்கை அறிக்கையைத்தான்) சொல்கிறார்கள் என்பது ஒன்று. இரு சபைகளும் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாகப் பிரிந்திருக்கின்றன என்பது மற்றொன்று. ஒரே கடவுள், ஒரே பிரமாணம் என்றால் பிரிவு எதற்கு என்று வாசகர் கேட்பது நியாயம்தான்.

கலை வரலாற்றின் பக்கம் திரும்பினால் குழப்பம் இன்னும் கூடும். இயேசு பிறந்த இடமாகப் போற்றப்படும் பெத்லகேம் தேவாலயத்தில் 1169இல் முடிக்கப்பட்ட மொசைக் சித்திரங்கள் (சிறு வண்ணக் கட்டிகளைச் சுவரில் பதித்துச் செய்தவை) இருக்கின்றன. அப்போது அந்த ஊரை ஆண்டவர் பிரெஞ்சு வம்சத்து அரசர். ஆயர் லத்தீன் சபைக்காரர், அதாவது போப்பின் தலைமையிலான மேற்குத் திருச்சபையைச் சேர்ந்தவர். வேலையை முடித்தவர் எஃப்ராயிம் என்ற துறவி. ஆதரவு தந்தவர் கான்ஸ்டாண்டிநோபிளில் இருந்த கிரேக்கப் பேரரசர். 1054இலேயே பிரிந்துவிட்டதாகப் பாடநூல்கள் சொல்லும் இரு தரப்பும் 115 ஆண்டுகள் கழித்து ஒரே சுவரில் பெயர் பொறித்தது எப்படி?

சண்டை எதைப் பற்றியது, எதைப் பற்றியது அல்ல என்று பிரித்துப் பார்த்தால்தான் இது விளங்கும்.

யார் இந்தப் பிராங்குகள்?

இந்தக் கட்டுரையில் 'கிரேக்கர்' என்றால் கான்ஸ்டாண்டிநோபிளைத் தலைநகராகக் கொண்ட பைசாந்தியப் பேரரசின் மக்களும், அந்தத் திருச்சபையின் வழிபாட்டைப் பின்பற்றியவர்களும். அவர்கள் தங்களை 'ரோமர்' என்றே அழைத்துக்கொண்டார்கள்.

'பிராங்குகள்' என்பது முதலில், 800ஐ ஒட்டி மேற்கு ஐரோப்பாவை ஆண்ட பேரரசர் சார்லமேனின் மக்களைக் குறித்த பெயர். சிலுவைப் போர்க் காலத்தில் மேற்கிலிருந்து வந்த எல்லாரையும் கிரேக்கரும் அரபியரும் அப்படித்தான் அழைத்தார்கள். (தமிழில் 'பரங்கி' வந்ததும் இதே வழியில்தான்.) கிழக்கில் ஆட்சி அமைத்த பெரிய குடும்பங்கள் பெரும்பாலும் பிரெஞ்சு மண்ணைச் சேர்ந்தவை. எருசலேம் அரசரின் குடும்பம் அஞ்சுவிலிருந்து வந்தது. சைப்ரஸை ஆண்ட லூசிஞான்கள் புவாத்துவிலிருந்தும், தென் கிரேக்கத்தை ஆண்ட வில்லார்துவான்கள் ஷாம்பேனிலிருந்தும், ஏதென்ஸை ஆண்ட தெ லா ரோஷ் குடும்பத்தார் பர்கண்டியிலிருந்தும் வந்தார்கள்.

சண்டைக்கு அப்பாற்பட்டது எது?

கடவுள் ஒருவரே. அந்த ஒரே கடவுள் தந்தை, மகன், தூய ஆவி என மூன்று ஆள்களாக இருக்கிறார். மூன்று கடவுள்கள் இல்லை. 325இல் நிசேயாவும் 381இல் கான்ஸ்டாண்டிநோபிள் பொதுச்சங்கமும் இதைப் பிரமாணமாக்கின. இதில் பிராங்குகளுக்கும் கிரேக்கருக்கும் கருத்து வேறுபாடு இருந்ததே இல்லை. 'ஒரே கடவுளை நம்புகிறேன்' என்ற முதல் வரியை இரு தரப்பும் ஒரே பொருளில்தான் சொன்னார்கள்.

அவர்களுடைய சண்டைகளை உற்றுப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். கடவுளின் ஒருமைக்கோ அவருக்கு மட்டுமே உரிய ஆராதனைக்கோ நீதான் ஊறு விளைவிக்கிறாய் என்று ஒவ்வொரு தரப்பும் மற்றதைக் குற்றம் சாட்டியது. அந்த ஒருமையை எப்படிக் காப்பது என்பதுதான் வழக்கு.

மூன்று வழக்குகள்

1. 'மகனிடமிருந்தும்' என்ற சேர்க்கை. 381இன் பிரமாணம் தூய ஆவி 'தந்தையிடமிருந்து' புறப்படுகிறார் என்கிறது. மேற்கில், குறிப்பாக ஸ்பெயினில், 'மகனிடமிருந்தும்' என்று சேர்த்துச் சொல்லும் வழக்கம் வந்தது. மகன் தந்தைக்குக் கீழானவர் என்ற ஆரியுஸின் கொள்கை அங்கே வலுவாக இருந்தது. மகனைத் தந்தைக்குச் சமமாக நிறுத்த இந்தச் சேர்க்கை உதவியது. சார்லமேனின் அரண்மனை ஆலயத்தில் பிரமாணம் இந்தச் சேர்க்கையோடு பாடப்பட்டது. கிரேக்கர் இதை ஏற்கவில்லை. மூவரும் ஒரே கடவுளாக இருப்பதற்குக் காரணம், மூலம் ஒன்றே, அதாவது தந்தை மட்டுமே என்பது அவர்கள் வாதம். இரண்டு மூலம் வைத்தால் ஒருமை உடையும் என்றார்கள். தந்தையும் மகனும் சேர்ந்து ஒரே மூலம்தான் என்று மேற்கு பதில் சொன்னது.

போப் மூன்றாம் லியோ இதில் எடுத்த நிலை விசித்திரமானது. கருத்து சரி, ஆனால் பொதுச்சங்கத்தின் வாசகத்தில் கை வைக்காதீர்கள் என்று பிராங்குகளிடம் சொன்னார். அந்தச் சேர்க்கை இல்லாத பிரமாணத்தைக் கிரேக்கத்திலும் லத்தீனிலும் வெள்ளித் தகடுகளில் பொறித்து ரோமில் வைத்தார். ரோமே அந்தச் சேர்க்கையை வழிபாட்டில் ஏற்றது 1014இல்தான். இன்று தமிழ்க் கத்தோலிக்கர்கள் ஞாயிறு திருப்பலியில் 'மகனிடமிருந்தும்' என்று சொல்வது அந்த மரபின் தொடர்ச்சி.

2. படங்களுக்கு எவ்வளவு மரியாதை? கிரேக்க உலகில் 8ஆம் நூற்றாண்டில் திருவுருவப் படங்களை அழிக்கும் இயக்கம் பேரரசர்களாலேயே நடத்தப்பட்டது. 787இல் நிசேயாவில் கூடிய ஏழாவது பொதுச்சங்கம் படங்களை மீட்டது. அது ஒரு கோடு போட்டது: ஆராதனை கடவுளுக்கு மட்டும், படத்துக்கு வணக்கம் செலுத்தலாம், அந்த வணக்கம் படத்தில் இருப்பவரைச் சென்று சேரும். எருசலேமுக்கு அருகிலுள்ள மார் சாபா மடத்துத் துறவி என்று மரபு சொல்லும் தமஸ்கு யோவான் இதற்கு அடித்தளம் போட்டிருந்தார். கண்ணுக்குத் தெரியாத கடவுளை வரைய முடியாது. அவர் மனித உடல் எடுத்து வந்ததால், அந்த உடலை வரையலாம் என்பது அவர் வாதம்.

சங்கத்தின் ஏடுகள் லத்தீனில் மோசமாக மொழிபெயர்க்கப்பட்டு சார்லமேனின் அரண்மனைக்குப் போயின. இரண்டு வகை மரியாதைக்கும் இடையே இருந்த கோடு மொழிபெயர்ப்பில் அழிந்துபோனது. கிரேக்கர் படங்களை ஆராதிக்கச் சொல்கிறார்கள் என்றே பிராங்குகள் எடுத்துக்கொண்டார்கள். ஓர்லியான் ஆயராகப் பின்னர் புகழ்பெற்ற தியோடுல்ஃப் நீண்ட மறுப்பு நூல் எழுதினார். 794இல் ஃபிராங்க்ஃபர்ட் சங்கம் கிரேக்கத் தீர்மானத்தைத் தள்ளியது. படங்கள் சுவரை அலங்கரிக்கலாம், எழுதப் படிக்கத் தெரியாதவருக்குக் கதை சொல்லலாம், அதற்கு மேல் எதுவும் வேண்டாம் என்பது பிராங்குகளின் நிலை.

3. அப்பம். நற்கருணைக்குப் புளித்த மாவு அப்பமா, புளியாததா? மேலோட்டமாகப் பார்த்தால் அற்பமான விவகாரம். ஆனால் சாதாரண மக்கள் கண்ணால் பார்த்த வேறுபாடு இதுதான். உயிர் போனதும் இதனால்தான். 1231இல் சைப்ரஸில், லத்தீன் அப்பம் செல்லாது என்று பிடிவாதமாக நின்ற கந்தாரா மடத்துக் கிரேக்கத் துறவிகள் 13 பேர் லத்தீன் ஆட்சியில் கொல்லப்பட்டார்கள்.

1054ஐ இங்கே பெரிதாக்க வேண்டியதில்லை. போப்பின் தூதர் ஹம்பர்ட்டும் கான்ஸ்டாண்டிநோபிள் திருச்சபையின் தலைவரான முதுபெரும் தந்தை மிக்கேல் கெருலாரியுஸும் ஒருவரையொருவர் சபை நீக்கம் செய்தார்கள். அந்த நாளோடு உலகம் இரண்டாகவில்லை. பொது மக்கள் மனத்தில் பிளவு ஆழமாக இறங்கியது, சிலுவைப் போர் வீரர்கள் 1204இல் கான்ஸ்டாண்டிநோபிளைக் கொள்ளையடித்த பிறகு.

மறுப்பு எழுதியவர் கட்டிய ஆலயம்

கிரேக்கப் படக் கொள்கையை மறுத்து எழுதிய தியோடுல்ஃப், லுவார் நதிக்கரையில் ஜெர்மினி தே ப்ரே என்ற ஊரில் தனக்கென ஒரு சிறிய ஆலயம் கட்டினார். 806இல் அது அபிஷேகம் செய்யப்பட்டது. பீடத்துக்கு மேலே, அரைக்குடையில் (அரைக்கோள வடிவக் கூரையில்), பொன்னும் நீலமுமாக ஒரு மொசைக் இருக்கிறது. கண்ணாடிக் கட்டிகளைப் பதித்துப் பொற்பரப்பு உண்டாக்கும் இந்த வேலை மத்தியதரைக் கடல் ஓரத்தில், கிரேக்க உலகத்தில் செழித்த தொழில்.

அதில் கிறிஸ்துவின் உருவம் இல்லை, மரியாவின் உருவம் இல்லை. உடன்படிக்கைப் பேழையும், அதன் இருபுறமும் வானதூதர்களும், மேலே கடவுளின் கையும் மட்டும். கடவுளே செய்யச் சொன்னதாக வேதம் கூறும் பொருள் என்பதால் பேழைக்கு மட்டும் தியோடுல்ஃப் தன் நூலில் தனி மதிப்பு கொடுத்திருந்தார். தன் கொள்கையைத்தான் சுவரில் ஏற்றினார், ஆனால் எதிராளியின் தொழில்நுட்பத்தைக் கொண்டு. பிரான்சில் எஞ்சியிருக்கும் கரோலிஞ்சிய (சார்லமேன் வம்சத்துக் கால) மொசைக் இது ஒன்றுதான். 19ஆம் நூற்றாண்டில் சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் கண்டெடுத்து, நிறையவே பழுதுபார்த்திருக்கிறார்கள்.

பிராங்கு–கிரேக்கக் கலைப் பரிமாற்றம் முழுவதற்கும் இந்தச் சின்ன ஆலயமே நல்ல மாதிரி என்பேன். கை வேலை தாராளமாகக் கடந்து வந்தது. அதனோடு கொள்கை சேர்ந்து வரவில்லை.

அன்பளிப்பாக வந்த ஏடு

827இல் பைசாந்தியப் பேரரசர் இரண்டாம் மிக்கேல், சார்லமேனின் மகன் லூயிக்கு ஒரு கிரேக்கக் கையெழுத்து ஏட்டை அனுப்பினார். திருத்தூதர் பவுலால் மனம் மாறிய ஏதென்ஸ்காரராக வேதம் கூறும் அரியோபாகு தியோனிசியு எழுதியதாக நம்பப்பட்ட நூல்கள் அதில் இருந்தன. ஏடு பாரிஸுக்கு அருகே உள்ள சான் தெனி மடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த மடத்தின் புனிதரும் அந்த தியோனிசியுவும் ஒருவரே என்று மடத்தார் நம்பினார்கள். தவறான நம்பிக்கைதான். அதனாலேயே ஏடு பத்திரமாகக் காக்கப்பட்டது. இன்றும் பிரான்சின் தேசிய நூலகத்தில் இருக்கிறது.

ஒரே கடவுளிடமிருந்து ஒளி படிப்படியாக இறங்கி எல்லாப் பொருளையும் தொடுகிறது, பொருள்களின் வழியாக மனம் மீண்டும் அவரிடம் ஏறலாம் என்பது அந்த நூல்களின் சாரம். அதே மடத்தில் தலைவர் சூஜே எழுப்பிய புதிய பீடப் பகுதி 1144இல் அபிஷேகம் செய்யப்பட்டது. பெரிய வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் கொண்ட அந்தக் கட்டடத்தைத்தான் கோதிக் பாணியின் (கூர்வளைவும் உயர்ந்த ஜன்னல்களும் கொண்ட மேற்குக் கட்டடக்கலையின்) தொடக்கமாகச் சொல்கிறார்கள். கிரேக்க நூல் நேராகக் கோதிக் கட்டடமாக மாறிவிட்டது என்று அழகாகச் சொல்லிவிடலாம். அவ்வளவு நேரான கோடு இல்லை என்று அறிஞர்கள் பலர் எச்சரிக்கிறார்கள். கல்வளைவு போடும் திறமை நார்மண்டியிலும் பாரிஸைச் சுற்றியும் ஏற்கெனவே வளர்ந்திருந்தது. ஒன்று மட்டும் உறுதி: தன் ஆலயத்துப் பொக்கிஷங்களைக் கான்ஸ்டாண்டிநோபிளின் ஹாகியா சோபியாவோடு ஒப்பிட்டு, அங்கே போய் வந்தவர்களை விசாரித்ததாக சூஜேயே எழுதிவைத்திருக்கிறார். போட்டி மனப்பான்மையும் ஒரு வகைப் பரிமாற்றம்தான்.

பெத்லகேம், 1169

இப்போது பெத்லகேமுக்கு வரலாம். இந்த ஆலயத்துக்கு ஒரு முன்கதை உண்டு. 808ஐ ஒட்டிய ஒரு கிறிஸ்துமஸ் நாளில், ஒலிவ மலையில் தங்கியிருந்த பிராங்குத் துறவிகள் இந்த ஆலயத்துக்கு வந்தார்கள். மார் சாபா மடத்துத் துறவி யோவான் என்பவர் அவர்களைப் பதிதர்கள் (தவறான கொள்கையினர்) என்று குற்றம் சாட்டி, ஆள்களை ஏவி வெளியே தள்ள முயன்றார். பிரமாணத்தில் 'மகனிடமிருந்தும்' என்று அவர்கள் பாடியதுதான் காரணம். துறவிகள் போப் மூன்றாம் லியோவுக்கு எழுதிய முறையீடு நம் கையில் இருக்கிறது. மேலே சொன்ன வெள்ளித் தகடு விவகாரத்துக்கும் இந்தப் புகார்தான் பின்னணி.

1099இல் சிலுவைப் போர் வீரர்கள் எருசலேமைப் பிடித்தார்கள். 1100 கிறிஸ்துமஸ் அன்று முதலாம் பால்ட்வின் எருசலேம் அரசராக இதே ஆலயத்தில் முடிசூடினார். லத்தீன் ஆயர் வந்தார். கிரேக்கக் குருக்கள் இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார்கள்.

ஆனால் எருசலேமின் பிராங்கு அரசவை கலையில் கிழக்கை நோக்கியே சாய்ந்தது. அரசி மெலிசாந்துக்காக 1131க்கும் 1143க்கும் இடையில் தயாரான திருப்பாடல் ஏட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்து லத்தீன். எழுதிய கை வட பிரெஞ்சுப் பயிற்சி பெற்றது. முழுப்பக்க ஓவியங்கள் 24. எல்லாம் கிரேக்க வரிசை முறையைத் தழுவியவை. கிறிஸ்துவின் இருபுறமும் மரியாவும் திருமுழுக்கு யோவானும் மன்றாடி நிற்கும் ஓவியத்தில், ஓவியர் பசிலியுஸ் தன் பெயரை லத்தீனில் எழுதியிருக்கிறார். கிரேக்கப் பெயர், கிரேக்கச் சாயல் ஓவியம், லத்தீன் கையொப்பம்.

மெலிசாந்தின் மகன் அமால்ரிக் 1167இல் கிரேக்கப் பேரரசர் மானுவேல் கொம்னேனோஸின் குடும்பத்துப் பெண் மரியாவை மணந்தார். 1169இல் பிராங்குப் படையும் கிரேக்கக் கப்பல்களும் சேர்ந்து எகிப்தின் தாமியெத்தாவை முற்றுகையிட்டன. (முற்றுகை தோற்றது.) அதே ஆண்டில்தான் பெத்லகேம் வேலை முடிந்தது. பீடப் பகுதியில் கிரேக்கத்திலும் லத்தீனிலும் கல்வெட்டு. பேரரசர் மானுவேல், எருசலேம் அரசர் அமால்ரிக், பெத்லகேம் ஆயர் ரவூல் ஆகிய மூவர் காலத்தில் துறவியும் மொசைக் கலைஞருமான எஃப்ராயிம் இதை முடித்தார் என்று கிரேக்க வாசகம் சொல்கிறது. பேரரசர் பெயர் முதலில் வருகிறது, அரசர் பெயர் பிறகு. அரசியலைப் படிக்க அந்த வரிசையே போதும்.

கலைஞர் குழுவும் கலப்புதான். நடுக்கூடத்து வானதூதர் ஒருவரின் அருகே பசிலியுஸ் என்ற பெயர் லத்தீனிலும், கிழக்கத்தியக் கிறிஸ்தவரின் வழிபாட்டு மொழியான சிரியாக்கிலும் இருக்கிறது. அரசி ஏட்டின் ஓவியரை இவரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இடையே ஒரு தலைமுறை இருக்கிறது. இவர் உள்ளூர்க் கிறிஸ்தவர். ஆக, 'பிரெஞ்சுக்காரர் – கிரேக்கர்' என்று இரண்டு பேரை மட்டும் வைத்துப் பேசும்போது மூன்றாவதாக நிற்கும் பாலஸ்தீன, சிரியக் கலைஞரை மறந்துவிடுகிறோம்.

சித்திரத் திட்டத்தில் மிகவும் கவனிக்க வேண்டியது நடுக்கூடத்து நீண்ட சுவர்கள். தென்சுவரில் ஏழு பொதுச்சங்கங்கள், வடசுவரில் ஆறு வட்டாரச் சங்கங்கள். சங்கம் என்றால் ஆயர்கள் வட்டமாக உட்கார்ந்திருப்பதைத்தான் வழக்கமாக வரைவார்கள். இங்கே ஓர் ஆயர்கூட இல்லை. வளைவுகள், திரைகள், பீடம், அதன்மேல் நற்செய்தி ஏடு, நடுவே அந்தச் சங்கத்தின் தீர்மானம் எழுத்தில். பெரும்பாலும் கிரேக்கத்தில்.

381ஆம் ஆண்டுச் சங்கத்துக்குரிய பலகத்தில் என்ன எழுதியிருந்தது? தூய ஆவி தந்தையிடமிருந்து புறப்படுகிறார் என்று. 'மகனிடமிருந்தும்' இல்லை.

லத்தீன் ஆயரின் பேராலயத்தில், பிராங்கு அரசரின் ஆட்சியில், பிராங்குத் துறவிகள் அந்தச் சொல்லுக்காக வெளியே தள்ளப்படவிருந்த அதே கட்டடத்தில் இது எழுதப்பட்டது. இதை எப்படிப் படிப்பது? கிரேக்கர் வென்றார்கள் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது அவசர முடிவாகத் தோன்றுகிறது. பலகம் 381இன் தீர்மானத்தை 381 சொன்னபடியே தருகிறது. அந்த ஆண்டில் அந்தச் சேர்க்கை இல்லை என்பதை ரோமும் மறுத்ததில்லை. லத்தீன் ஆயர் தன் வழிபாட்டில் வழக்கம்போலப் பாடிக்கொள்ளலாம். சுவர் பழைய வாசகத்தைச் சொல்லும். இருவரும் பொய் சொல்லாமல் ஒரே கூரைக்குக் கீழ் நிற்க இது வழி செய்தது. மானுவேல் அப்போது போப் மூன்றாம் அலெக்சாந்தரோடு சபை ஒற்றுமை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இது கவனமாகத் தேர்ந்தெடுத்த சமரசம் என்பது தெரியும்.

சில ஆண்டுகள் கழித்து இங்கே வந்த கிரேக்கப் பயணி யோவான் ஃபோகாஸ், லத்தீன் ஆயர் நன்றிக்கடனாகப் பேரரசர் மானுவேலின் உருவப்படத்தை ஆலயத்துக்குள் வைத்திருப்பதைப் பார்த்து எழுதினார். இன்னொரு பக்கம், தூண்களில் டென்மார்க்கின் கனூத், நார்வேயின் ஓலாஃப் போன்ற மேற்கத்தியப் புனிதர்களும் வரையப்பட்டிருக்கிறார்கள். 1187இல் சலாதீன் எருசலேமைக் கைப்பற்றியதோடு இந்தக் கூட்டுறவு முடிந்தது.

1204: அன்பளிப்பு போய்க் கொள்ளை வந்தது

நான்காம் சிலுவைப் போர், வெனிஸின் கப்பல்களோடு, 1204இல் கான்ஸ்டாண்டிநோபிளையே கொள்ளையடித்தது. அங்கே ஒரு லத்தீன் பேரரசு 1261 வரை நின்றது. கலைப் பொருள்கள் மேற்கே போயின. இதைப் 'பரிமாற்றம்' என்று மென்மையாகச் சொல்வது சரியல்ல.

பணம் கொடுத்து வாங்கியதும் உண்டு. கடனில் மூழ்கிய லத்தீன் பேரரசர் இரண்டாம் பால்ட்வின், கிறிஸ்துவின் முள்முடியாகப் போற்றப்பட்ட திருப்பண்டத்தை (புனிதப் பொருளை) விட்டுக்கொடுக்க முன்வந்தார். அது வெனிஸ்காரரிடம் அடகில் இருந்தது. பிரெஞ்சு அரசர் ஒன்பதாம் லூயி அதை மீட்டு 1239இல் பிரான்சுக்குக் கொண்டுவந்தார். விலை 135,000 லிவர் (அன்றைய பிரெஞ்சுப் பணம்). அதை வைப்பதற்கென்று பாரிஸில் கட்டிய சான்த் ஷாப்பேல் ஆலயத்துக்கு ஆன செலவு 40,000 லிவர் என்கிறார்கள். 1248இல் அபிஷேகமான அந்த ஆலயம் கோதிக் கலையின் உச்சம். அரண்மனைக்குள் திருப்பண்ட ஆலயம் என்ற எண்ணமோ கான்ஸ்டாண்டிநோபிள் அரண்மனையிலிருந்து வந்தது. 2019 நோத்ர் தாம் தீ விபத்தில் காப்பாற்றப்பட்டு, 2024 டிசம்பரில் பேராலயத்துக்குத் திரும்பியதாகச் செய்தியில் வந்த முள்முடி இதுதான்.

எதிர்த்திசையில் போன கோதிக்

வெற்றி பெற்றவர்களும் தங்கள் பாணியைச் சுமந்து போனார்கள். தென் கிரேக்கத்தின் மோரேயாவில் பிராங்குகள் அந்திராவிதாவில் கோதிக் தேவாலயம் கட்டினார்கள். கிழக்கு முனை மட்டும் எஞ்சியிருக்கிறது. ஏதென்ஸுக்கு அருகே பொன் மொசைக்குகளுக்குப் பேர்போன தாஃப்னி மடம் பிரான்சின் சிஸ்டெர்சியன் துறவிகள் கைக்குப் போனது. அவர்கள் மொசைக்குகளை அழிக்கவில்லை. முகப்பில் கூர்வளைவுகளைச் சேர்த்துக்கொண்டு, கிரேக்கக் கிறிஸ்துவின் பார்வைக்குக் கீழே லத்தீனில் வழிபட்டார்கள்.

இரண்டாம் வில்லியம் வில்லார்துவான் 1249இல் மிஸ்த்ராஸ் குன்றில் கோட்டை கட்டினார். 1259இல் பெலகோனியாப் போரில் சிறைபட்டு, விடுதலைக்கு விலையாக அதைக் கிரேக்கரிடம் கொடுத்தார். மிஸ்த்ராஸ் பின்னர் பைசாந்தியப் பண்பாட்டின் கடைசிப் பெரிய நகரமானது. அங்கே 1428இல் கிரேக்கரே கட்டிய பந்தனாஸா ஆலயத்தின் வெளிச்சுவரில் கோதிக் வளைவு அலங்காரமும் மேற்குப் பாணி மணிக்கூண்டும் இருக்கின்றன. கட்டச் சொல்லி வற்புறுத்த பிராங்கு எசமானர் யாரும் அப்போது அங்கே இல்லை.

சைப்ரஸில் இது இன்னும் கூர்மை. 1192 முதல் 1489 வரை லூசிஞான்கள் ஆட்சி. 1260இல் போப்பின் ஆணை கிரேக்க ஆயர்களை லத்தீன் தலைமைக்குக் கீழே வைத்தது. ஃபமகுஸ்தாவில் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த புனித நிக்கோலா பேராலயத்தை (இன்று மசூதி) ரான்ஸ் பேராலயத்தோடு ஒப்பிடுவார்கள். அதே நகரில், அதே நூற்றாண்டில், கிரேக்க வணிகச் சமூகம் தங்கள் பழைய பைசாந்திய ஆலயத்தை ஒட்டிப் புனித ஜார்ஜுக்கு ஒரு பெரிய ஆலயம் கட்டியது. கட்டடம் கோதிக். உள்ளே சுவர் ஓவியங்கள் கிரேக்கம், வழிபாடு கிரேக்கம். லத்தீன் பேராலயத்துக்கு நாங்கள் குறைந்தவர்களா என்ற கேள்வியை லத்தீன் பாணியிலேயே கல்லில் கேட்டார்கள்.

மறுபுறம், ட்ரூடோஸ் மலையிலுள்ள புனித நிக்கோலா மடத்துக்காக 13ஆம் நூற்றாண்டில் வரையப்பட்ட ஆள் உயர ஐகான் (பலகையில் தீட்டிய திருவுருவப் படம்) ஒன்று இன்று நிக்கோசியா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நடுவில் கிரேக்கப் புனிதர். காலடியில் குதிரையோடு மண்டியிடும் பிராங்கு வீரரும் அவர் குடும்பமும். 13 துறவிகள் கொல்லப்பட்ட அதே தீவில், அதே நூற்றாண்டில், லத்தீன் வீரர் ஒருவர் கிரேக்க மடத்துக்குக் காணிக்கை செலுத்துகிறார்.

இதிலிருந்து எதை முடிவு செய்யலாம், எதைச் செய்யக்கூடாது?

1. பொதுக் கலை இருந்தால் சபை ஒற்றுமை இருந்தது என்று பொருள் அல்ல. அந்திராவிதாவிலும் ஃபமகுஸ்தாவிலும் கலை கலந்தது, பீடம் கலக்கவில்லை.

2. சபைப் பிளவு இருந்தால் மக்கள் விலகி வாழ்ந்தார்கள் என்றும் பொருள் அல்ல. ஒரே ஊர், ஒரே சந்தை, ஒரே கொத்தனார். கூலி கொடுப்பவர் எந்த அப்பத்தை உண்கிறார் என்று கல் தச்சர் கேட்டிருக்க மாட்டார்.

3. கடன் வாங்குவதில் தேர்வு இருந்தது. கிரேக்கர் மேற்கிலிருந்து வளைவையும் மணிக்கூண்டையும் எடுத்தார்கள். ஆலயத்துக்குள் முழு உருவச் சிலைகளை எடுக்கவில்லை. பிராங்குகள் பொற்பின்னணியையும் ஐகானையும் எடுத்தார்கள். ஐகானைச் சுற்றியிருந்த வழிபாட்டு முறையை முழுதாக எடுக்கவில்லை. கடவுளுக்கு மட்டும் உரியது எது என்ற கேள்வியைத் தொடும் இடத்தில் இரு தரப்பும் கையை இழுத்துக்கொண்டன.

4. பெத்லகேம் விதிவிலக்கு. அங்கே சித்திரமே கொள்கையைப் பேசியது. அதனால்தான் அதில் ஆயர்கள் இல்லை, எழுத்து இருக்கிறது.

இன்றைய நிலை

1274இல் லியோனிலும் 1439இல் ஃப்ளாரன்ஸிலும் ஏடுகளில் ஒற்றுமை கையெழுத்தானது. கிரேக்க மக்கள் ஏற்கவில்லை. 1054இன் சபை நீக்கங்களை 1965 டிசம்பர் 7 அன்று போப் ஆறாம் பவுலும் முதுபெரும் தந்தை அத்தெனகோராஸும் நினைவிலிருந்தே அகற்றுவதாக அறிவித்தார்கள். 1995இல் வத்திக்கான் வெளியிட்ட விளக்கம், தந்தையே தூய ஆவியின் முதல் மூலம் என்பதை ஒப்புக்கொண்டு, 381இன் கிரேக்க வாசகத்துக்கு முழு அதிகாரம் உண்டு என்றது. கத்தோலிக்கரும் கிரேக்க வாசகத்தைச் சொல்லும்போது சேர்க்கை இல்லாமல் சொல்லலாம். லத்தீன் வழிபாட்டில் அது நீடிக்கிறது. நற்கருணையை இரு சபைகளும் இன்னும் பகிர்ந்துகொள்வதில்லை.

பெத்லகேம் ஆலயத்தைக் கிரேக்க மரபுவழியினர், பிரான்சிஸ்கன் கத்தோலிக்கர், ஆர்மீனியர் என மூன்று தரப்பும் ஒட்டோமான் காலத்து ஏற்பாட்டின்படி பங்கிட்டுப் பராமரிக்கிறார்கள். எந்த விளக்கு யாருடையது, எந்தப் படியை யார் கூட்டுவது என்பது வரை கணக்கு உண்டு; துடைப்பத்தோடு கைகலப்பும் நடந்திருக்கிறது. இதனால் கூரை ஒழுகியும் பல காலம் பழுதுபார்க்க முடியவில்லை. 2012இல் யுனெஸ்கோ அதை ஆபத்திலுள்ள உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்தது. மூன்று தரப்பும் இணங்கி 2013இல் வேலை தொடங்கியது. 2016இல் பூச்சுக்கு அடியிலிருந்து ஏழாவது வானதூதரின் மொசைக் வெளிப்பட்டது. 2019இல் ஆபத்துப் பட்டியலிலிருந்து ஆலயம் நீக்கப்பட்டது.